உன் முகமும் என் சோறும்

தம்பி,

"ஆறுமுகனுக்கு அடுத்தபடியாக நான் கும்பிடும் என் பருமுகனுக்கு" என்றுதான் முதல் வரியை எழுதினேன். எழுதிவிட்டு நானே சிரித்தேன். கூடச் சிரிக்க வீட்டில் ஆளில்லாததால் அந்தச் சிரிப்பு சுவரில் முட்டிக்கொண்டு என்னிடமே திரும்பி வந்தது. திரும்பி வந்ததைக் கேட்டபோது அவ்வளவு நன்றாக இல்லை. அந்த வரியை அடித்துவிட்டேன். உன் அம்மாவுக்கு வாய் நீளம் என்பது ஊருக்கே தெரியும். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்த காலத்தில் என் கேலிக்குப் பயந்தே பையன்கள் வல்லினம் மிகும் இடத்தைப் படித்துக்கொண்டு வருவார்கள். ஓய்வு பெற்ற பிறகு கேலி செய்ய ஆள் குறைந்துவிட்டதே தவிர வாய் குறையவில்லை. இதை ஒரு பத்திரிகைக்கு அனுப்புகிறேன். நான் வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கெல்லாம் உன்னிடமிருந்து நீல டிக் வருகிறது, பதில் வருவதில்லை. அச்சில் வந்தால் யாராவது ஒரு புண்ணியவான் உனக்குப் படம் பிடித்து அனுப்புவான். பயப்படாதே, உன் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. முகத்தில் பருவோடு ஒரு மகனும் மூக்கை நுழைக்கும் ஒரு அம்மாவும் தெருவுக்கு ஒரு ஜோடி இருப்பார்கள். நம்மைத்தான் சொல்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.

போன வாரம் நிவேதா போன் செய்தாள். நீயே தேடிக்கொண்டு வந்து "அம்மா, இவதான்" என்று காட்டிய பெண், ஆவணியில் உனக்கு மனைவியாகப் போகிறவள், தானாக எனக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை.

"அத்தை, ஒண்ணு சொன்னா கோபப்பட மாட்டீங்களே?"

"சொல்லும்மா. இங்கேருந்து கோபம் கிளம்பினாலும் பெங்களூரு வந்து சேர்றதுக்குள்ள ஆறிப்போயிடும்."

"கல்யாணத்த தைக்குத் தள்ளலாங்கிறாரு. முகம் சரியாகட்டும்ங்கிறாரு."

"கல்யாணப் பத்திரிகையில பேருதானே போடறோம், முகமா போடறோம்?"

சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே அழுகையாகிவிட்டது. "தள்ளினாக்கூடப் பரவால்ல அத்தை. என்கூட உக்காந்து சாப்பிடறதே இல்ல. ஹோட்டலுக்குக் கூப்பிட்டா எண்ணெய்ங்கிறாரு. வீட்டுக்குக் கூப்பிட்டா மசாலாங்கிறாரு. எங்கம்மா ஒரு நாள் என்கிட்ட கேட்டுக் கேட்டு எண்ணெய் இல்லாம, காரம் இல்லாம தனியா சமைச்சாங்க. அன்னிக்கு விரதம்னுட்டாரு."

"அவனா? என்ன விரதம்?"

"தெரியல அத்தை. ஏதோ வெள்ளரிக்கா விரதம்."

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். முதலில் எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்தினாயாம். பிறகு மாம்பழம், வேர்க்கடலை, முட்டை, மீன், புளி, தக்காளி, கோதுமை. இணையத்தில் எவன் எதைச் சூடு என்று சொன்னாலும் அன்றே அதற்கு விடை கொடுத்துவிடுகிறாயாம். ஆபீஸில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு தனியாகப் போய் டப்பாவைத் திறக்கிறாயாம். இளைத்துவிட்டாயாம். ஆனால் பரு மட்டும் இளைக்கவில்லையாம். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். "நான் பாத்துக்கறேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன். எதைப் பார்ப்பது? என்னோடு வீடியோவில் பேசும்போது நீதான் கேமராவை மேலே திருப்பிவிடுகிறாயே. உன் சீலிங் ஃபேனுக்கு மூன்று இறக்கை என்பதும் அதில் ஒன்றில் ஒட்டடை என்பதும் எனக்கு மனப்பாடம்.

மறுநாள் காலையிலேயே தஞ்சாவூருக்குப் பஸ் ஏறி ஒரு தோல் டாக்டரிடம் போனேன். நீ தலையில் அடித்துக்கொள்வது தெரிகிறது. அடித்துக்கொள். டோக்கன் வாங்கிக்கொண்டு, முகத்தில் துப்பட்டா சுற்றிய கல்லூரிப் பெண்களுக்கும், அம்மாவோடு வந்து அம்மாவுக்குத் தள்ளி உட்கார்ந்திருந்த பையன்களுக்கும் நடுவில், சுருக்கத்தையும் ஒரு பழைய தழும்பையும் தவிர வேறு குறையில்லாத முகத்தோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பெண்ணிடம் கிசுகிசுத்தாள். பாட்டிக்கு என்ன ஆசை பார் என்று சொல்லியிருப்பாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன், இன்னும் கொஞ்சம் நன்றாக. டாக்டர் சின்னப் பெண், நிவேதாவைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள்.

"சொல்லுங்கம்மா, என்ன பண்ணுது?"

"எனக்கில்லீங்க. பேஷண்ட் பெங்களூர்ல இருக்கான்."

"அப்ப நீங்க?"

"தயாரிப்பாளர்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். நான் போனைத் திறந்து உன் நிச்சயதார்த்தப் போட்டோவை விரலால் பெரிதாக்கிக் காட்டினேன். அவள் பார்த்தாள். "போட்டோவப் பாத்து மருந்து எழுத முடியாதும்மா. அவரே அங்க ஒரு டாக்டர்கிட்ட நேர்ல காட்டணும். இது மாத்திரை, க்ரீம்ல குணமாகிற விஷயம்தான், ஆனா பலன் தெரிய வாரக்கணக்கா ஆகும், சிலருக்கு மாசக்கணக்கா ஆகும். அவசரப்பட்டு மெடிக்கல் ஷாப்புல கேட்டு எதையாவது வாங்கிப் பூசிக்க வேணாம்னு சொல்லுங்க. ஸ்டீராய்டு கலந்த க்ரீமைப் போட்டுட்டு முகத்தைக் கெடுத்துக்கிட்டு வர்றவங்கதான் எனக்குப் பாதி நாள் வேலை" என்றாள். பிறகு நான் கேட்ட சாப்பாட்டுக் கேள்விக்கு வந்தாள். பரு கிளம்புவது உடம்பின் ஹார்மோனாலும், தோலுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பியாலும், பெற்றவர்கள் கொடுத்த உடல்வாகாலும். அதைச் சாப்பாடு மட்டும் உண்டாக்கிவிடாது. ஆனால் சிலருக்குச் சில சாப்பாடு அதைத் தூண்டிவிடும். அப்படித் தூண்டுவதில் முதல் வரிசை, இரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றிவிடுகிற பண்டங்கள். இனிப்பு, கூல்டிரிங்ஸ், பாட்டில் ஜூஸ், மைதா பரோட்டா, பிஸ்கட். இதுவரைக்கும் நான் நல்ல மாணவி மாதிரித் தலையாட்டிக்கொண்டிருந்தேன். "அப்புறம் குவிச்சுக் குவிச்சு சாப்பிடற வெள்ளைச் சோறு" என்றாள்.

என் தலை அங்கேயே நின்றுவிட்டது.

நீ நெல் விளைகிற ஊரில் பிறந்தாய். நானும் அங்கேதான் பிறந்தேன். ஆனால் நீ சோறு தின்னப் பிறந்தாய், நான் நெல் அறுக்கப் பிறந்தேன். இந்த வித்தியாசத்தை உனக்கு நான் ஒழுங்காகச் சொன்னதே இல்லை. நமக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாத காலம் அது. என் அப்பாவும் அம்மாவும் மிராசுதார் வயலில் நட்டார்கள், களை பறித்தார்கள், அறுத்தார்கள். கூலியை நெல்லாக வாங்கினார்கள். கழக ஆட்சி. சுவரெல்லாம் வாழ்க, ஒழிக. எங்கள் தெருவில் ஒரு பக்கம் கறுப்பு சிவப்புக் கொடி, இன்னொரு பக்கம் செங்கொடி. இரண்டு கம்பத்துக்கும் நடுவில் கயிறு கட்டி என் அம்மா துணி காயப்போடுவாள். மேடையில் உழுதவனுக்கே நிலம் என்பார்கள். கீழே நின்று கை தட்டிய உழுதவன் விடிந்ததும் மண்வெட்டியோடு மிராசுதார் வயலுக்கே போவான். நான் ஒன்பதாவது படித்த வருஷம், சம்பா அறுவடைக்குக் கொஞ்சம் முன்னால், அறுவடைக் கூலி நெல்லைக் கூட்டிக் கொடுத்தால்தான் அரிவாள் எடுப்போம் என்று தெருவே உட்கார்ந்துவிட்டது. வெளியூரிலிருந்து லாரியில் ஆள் கொண்டுவரப் பார்த்தார்கள். வாய்க்கால் கரையில் போலீஸ் வேன் வந்து நின்றது. தாசில்தார் வந்தார், பேசினார், போனார். வயலில் கதிர் முற்றித் தலை சாய்ந்து கிடந்தது. எங்கள் வீட்டில் உலைப்பானை கவிழ்ந்து கிடந்தது.

அப்போது எனக்கும் முகம் நிறையப் பரு. சொன்னால் நம்பமாட்டாய், உனக்கு இருப்பதைவிட அதிகம். அதற்குத் தெருவில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். ஒருத்தி உடம்புச் சூடு என்பாள். ஒருத்தி கண்ணை உருட்டிக்கொண்டு, "எவனையோ மனசுல வச்சிருக்கா, அதான் மூஞ்சியில வருது" என்பாள். "எவனையோ இல்லக்கா, எவனெவனையோ. ஒரு பருவுக்கு ஒருத்தன். எண்ணிப் பாத்துச் சொல்லுங்க, எனக்கே கணக்கு விட்டுப்போச்சு" என்றேன். என் அம்மா அகப்பையாலேயே ஒன்று போட்டாள். வேலைநிறுத்தம் தொடங்கியதும் சோறு நின்றது. வயல் நண்டு, நத்தை, வாய்க்கால் மீன், முருங்கைக்கீரை, குளத்தில் தோண்டிய கொட்டிக்கிழங்கு, எங்கேயோ கடன் சொல்லி வாங்கிய கேழ்வரகில் ஒரு களி. இதுதான் சாப்பாடு, இதுவும் அரைவயிறு. இனிப்பு கிடையாது, பால் கிடையாது. கொஞ்ச நாளில் என் முகம் தெளிந்துவிட்டது. இதை நான் டாக்டரிடமும் சொன்னேன். "ஒருத்தர் முகத்தை வச்சு அப்படி முடிவு கட்டக் கூடாதும்மா. வயசும் காரணமா இருக்கலாம், பட்டினியாலயும் இருக்கலாம். பட்டினி வைத்தியம் இல்ல" என்றாள். சரிதான். நானும் அதை வைத்தியம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வயதில் எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்: கண்ணாடியில் முதல் முறையாக என் முகம் எனக்குப் பிடித்திருந்தது, வயிற்றில்தான் ஒன்றுமில்லை.

எங்கள் வகுப்பிலேயே மிராசுதார் மகள் கல்யாணியும் படித்தாள். அவளுக்கும் முகமெல்லாம் பரு. நெய்யும் பாலும் அதிரசமுமாக வளர்ந்த முகம். ஊரே இரண்டாகப் பிரிந்து நிற்கும்போது அவள் ஒரு நாள் பள்ளிக்கூடத்துக் குடிதண்ணீர்க் குழாயடியில் என்னிடம் வந்து, யாரும் கேட்கவில்லையே என்று பார்த்துக்கொண்டு, "உன் மூஞ்சி எப்படித் தெளிஞ்சுது? என்ன போடற?" என்று கேட்டாள்.

"நான் ஒண்ணும் போடல. மருந்த உங்கப்பாதான் தயார் பண்ணி அனுப்பறாரு. பட்டினி லேகியம். உனக்கும் ஒரு உருண்டை வேணுமா?"

அவள் முகம் சிவந்து, பருவுக்கும் முகத்துக்கும் வித்தியாசமில்லாமல் போனது. திரும்பி விறுவிறுவென்று நடந்துவிட்டாள். நான் அன்று முழுக்க ராஜா மாதிரி நடந்தேன். மறுநாள் மத்தியானம் பள்ளிக்கூடத்துப் பின்புறம் நான் தூக்குவாளியைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தபோது அவள் டிபன் பாக்ஸோடு வந்து எதிரே சம்மணம் போட்டாள். "லேகியம் குடு. பதிலுக்கு இதை நீ தின்னு" என்றாள். நான் தூக்கை அவள் பக்கம் தள்ளினேன். டிபன் பாக்ஸில் தயிர்சாதம், மேலே மாவடு. அவள் என் களியைக் கிள்ளி நண்டுக் குழம்பில் தொட்டு வாயில் போட்டு, கண்ணில் தண்ணீர் வரக் காரத்தை உறிஞ்சி, "இதையா பட்டினின்னு சொன்ன, பொய்காரி" என்றாள். அவள் வீட்டில் தெரிந்தால் அந்தப் பாத்திரத்தைக் கழுவ மாட்டார்கள், வீசி எறிவார்கள். எங்கள் தெருவில் தெரிந்தால் என் அப்பாவுக்கு மானம் போகும். ஆனாலும் அந்த வேலைநிறுத்தம் முடிகிறவரைக்கும் தினமும் மத்தியானம் நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்து மாற்றி மாற்றித் தின்றோம். அவள் வாத்தியார்களைப் போல நடித்துக் காட்டுவாள், நான் அவர்களுக்குப் பட்டப்பெயர் வைப்பேன். அந்த நாட்களில் எங்கள் பரு கூடியதா குறைந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. பார்க்கவே மறந்துவிட்டோம்.

பிறகு பேச்சுவார்த்தையில் கூலி கொஞ்சம் கூடியது. தெருவில் வெடி வெடித்தார்கள். அறுத்துக் களத்தில் வாங்கிய புதுநெல்லை அம்மா குத்திப் புடைத்து உலையில் போட்டபோது வீட்டுக்குள் வந்த மணம் இருக்கிறதே, அதற்கு இணையாக எந்தச் சென்ட்டையும் நான் இன்னும் முகரவில்லை. கரும்பு ஆலையில் வேலைக்குப் போன மாமா வெல்லம் கொண்டுவந்தார். தினமும் குவித்த சோறு, வெல்லக் காப்பி. ஒரு நாள் நான் தட்டில் குனிந்து தின்றுகொண்டிருந்தபோது அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார். "ஏ, இங்க வா. உம் மவ மூஞ்சியப் பாரு. கூலி உசந்தது தெரியுது பாரு." பரு திரும்ப வந்திருந்தது. அவர் கேலி செய்யவில்லை. கண் கலங்கிப்போய்ச் சொன்னார். வயிறு நிறைந்த பிள்ளைக்குத்தான் பரு வரும் என்று அன்றைக்கு எங்கள் வீட்டில் முடிவானது. கல்யாணியைப் பற்றி யாரோ அவள் வீட்டில் சொல்லிவிட்டார்கள். முழுப் பரீட்சைக்கு முன்னாலேயே அவளைச் சென்னையில் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு அவளை நான் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பின்புறம் தூக்கு நிறையச் சோற்றோடு தனியாக உட்கார்ந்தேன். எதற்காகச் சண்டை போட்டோமோ அது கிடைத்துவிட்டது. ஆனால் ஏனோ இறங்கவில்லை.

அந்த அப்பாவின் மகள்தான் உன்னை வளர்த்தாள். உன் அப்பா போன பிறகு, நீ சோறு வேண்டாம் என்றால் எனக்கு உயிர் போகிற மாதிரி இருக்கும். குழம்புக்கு ஒரு கரண்டி, ரசத்துக்கு ஒரு கரண்டி, தயிருக்கு ஒரு கரண்டி, அம்மாவுக்காக ஒரு கரண்டி. படிக்கிற பிள்ளை என்று சர்க்கரை தூக்கலாகப் போட்டுக் காலையிலும் சாயங்காலமும் பால். பத்தாம் வகுப்பில் உன் நெற்றியில் முதல் பரு வந்தபோது எல்லா அம்மாவும் கவலைப்படுவார்கள், நான் உள்ளுக்குள் பெருமைப்பட்டேன். போன பொங்கலுக்கு நீ வந்தாய். "அம்மா, சோறு கொஞ்சமா வைம்மா" என்றாய். "சோத்தை வேணாங்கிற அளவுக்குப் பெரிய மனுஷனாயிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே இன்னொரு கரண்டி வைத்தேன். அப்போதுதான் உன் பெரியமாமா, "என்னடா மாப்ள, மூஞ்சியில குறுவைக்கு நாத்து விட்டிருக்கியா?" என்றார். பந்தி முழுக்கச் சிரித்தது. நல்ல கேலி என்றால் எனக்கு அடக்க முடியாது, நானும் சிரித்தேன். நீயும் சிரித்தாய். தட்டில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் தின்றாய். காணும் பொங்கல் வரைக்கும் இருக்கிறேன் என்று வந்தவன், ஆபீஸில் வேலை என்று மறுநாள் காலையிலேயே கிளம்பினாய். அதற்குப் பிறகு நீ வரவில்லை. உன் சீலிங் ஃபேன்தான் வருகிறது.

இப்போது டாக்டர் சொன்னதை உனக்குச் சொல்கிறேன். டோக்கனுக்குக் காசு கொடுத்திருக்கிறேன், வீணாகக் கூடாது. நீ முதலில் கைவிட வேண்டியது ஜிம்மில் கலக்கிக் குடிக்கிறாயே, அந்தப் புரோட்டீன் பவுடர். நிவேதா எல்லாவற்றையும் சொன்னாள், நீ விட்ட பட்டியலில் அது மட்டும் இல்லை. "பால்லேருந்து எடுக்கிற பவுடர்னா அதைத்தான் முதல்ல சந்தேகப்படுவேன், ஜிம் போற பசங்க நிறைய பேருக்கு அதுதான் கிளப்பி விடுது" என்று டாக்டர் சொன்னாள். மாம்பழத்தைத் துரத்திவிட்டு அதை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறாய், வேலியில் போன ஓணான் கதைதான். பால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, கொழுப்பு நீக்கியதும்கூட. சில வாரம் நிறுத்திப் பார், வித்தியாசம் இல்லையென்றால் காப்பியைத் தண்டிக்காதே. சர்க்கரை, கூல்டிரிங்ஸ், மைதா, பேக்கரிப் பண்டம் இவற்றைக் குறைப்பதில் பருவுக்கு நன்மை இருக்கிறதோ இல்லையோ பல்லுக்காவது இருக்கிறது. சாக்லேட்டைப் பற்றி இன்னும் உறுதியாகச் சொல்ல முடியாதாம். சாக்லேட்டைவிட அதில் இருக்கிற சர்க்கரையையும் பாலையும் சந்தேகப்படலாம் என்றாள். சோற்றை விட வேண்டாம், அளவைப் பாதியாக்கி, மீதி இடத்தில் காயும் கீரையும் பருப்பும் வை. தீட்டாத அரிசி கிடைத்தால் இன்னும் நல்லது.

மற்றபடி நீ பாவம் பார்க்காமல் விரட்டியதையெல்லாம் திரும்பக் கூப்பிடு. வாயில் போகிற எண்ணெய் நேராக முகத்துக்கு வந்து வழியாது. அதற்கென்று உள்ளே வாய்க்கால் எதுவும் வெட்டி வைக்கவில்லை. மீன், முட்டை, புளி, காரம், தக்காளி இவை மேல் குற்றம் நிரூபிக்கப்படவில்லை. ஏதாவது ஒன்று உனக்கு ஆகவில்லை என்று நீயே கவனித்தால் அதை மட்டும் விடு. எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டால் எது திருடன் என்று எப்படித் தெரியும்? ஊரையே ஜெயிலில் போட்டுவிட்டுத் திருட்டு நின்றதா என்று பார்க்கிற தாசில்தார் உண்டா? பட்டினி கிடக்காதே. கிள்ளாதே, பிதுக்காதே, தழும்பாகிவிடும். என் இடது கன்னத்தில் இருப்பது அம்மைத் தழும்பு என்றுதானே உன்னிடம் சொல்லியிருக்கிறேன்? பொய். நான் கிள்ளியது. முக்கியமாக, அங்கேயே ஒரு நல்ல தோல் டாக்டரைப் பார். சாப்பாட்டை மட்டும் மாற்றினால் எல்லாம் போய்விடும் என்று இந்த டாக்டர் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவனிடம் போகாதே என்றுதான் சொன்னாள்.

எழுந்திருக்கும்போது டாக்டர், "உங்க பையன் சாப்பாட்டை விட்டதைவிட, கூடச் சாப்பிடறவங்களை விட்டதுதாம்மா எனக்குக் கவலையா இருக்கு. மனசு ரொம்பச் சோர்ந்து போயிருந்தா அதையும் டாக்டர்கிட்ட சொல்லச் சொல்லுங்க" என்றாள். பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஜன்னலுக்கு வெளியே நடவு முடிந்த வயல்கள், ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து சின்னக் குக்கரில் அரைத் தம்ளர் அரிசி வைத்தேன். உன்னிடம் சொல்லாத ஒன்று, நான் இப்போது தட்டில் சாப்பிடுவதில்லை. ஒரு ஆளுக்கு எதற்குத் தட்டு, கழுவ வேறு வேண்டும் என்று குக்கரிலேயே மோரை ஊற்றிப் பிசைந்து, அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றபடியே தின்றுவிடுகிறேன். டிவியில் யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள். நல்ல கேலி ஏதாவது தோன்றும். சொல்ல வாயைத் திறந்தால் சோற்றை வைத்துக்கொண்டு மூடிவிடுவேன். அங்கே நீ எல்லோரும் எழுந்து போகிறவரைக்கும் காத்திருந்து டப்பாவைத் திறக்கிறாய். இங்கே நான் உட்காரவே உட்காராமல் முடித்துவிடுகிறேன். முகத்தில் ஒன்றும் இல்லாதவளும் உன்னை மாதிரியேதான் தின்கிறாள் தம்பி. அதனால் குற்றம் முழுவதையும் பருவின் மேல் போடாதே.

கல்யாணத்தை ஆவணியில் வைப்பதோ தைக்குத் தள்ளுவதோ நீயும் நிவேதாவும் பேசி முடிவு செய்ய வேண்டியது. நான் அதில் வாய் வைக்கமாட்டேன். ஆனால் கண்ணாடியைக் கேட்டு முடிவு செய்யாதே, அவளைக் கேட்டுச் செய். அவள் போனில் அழுதது உன் முகத்தைப் பார்த்து இல்லை, அது கண்ணில் படாததால்.

இது அச்சில் வரும் வாரத்து வெள்ளிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். சனிக்கிழமை காலையில் உன் வாசலில் நிற்பேன். வராதே என்று சொல்ல நினைத்தால் அதற்கு நீ எனக்குப் போன் செய்ய வேண்டும். அதுவே எனக்கு லாபம். வழக்கமாகக் கொண்டு வரும் அரிசி மூட்டை இல்லை, முறுக்கு டின் இல்லை, அதிரசம் இல்லை, நெய் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கையை வீசிக்கொண்டு உன் வீட்டுக்கு வருகிறேன். உன் அடுப்பில் நான் கை வைக்கமாட்டேன். மத்தியானத்துக்கு நிவேதாவையும் வரச் சொல்லியிருக்கிறேன். நீ என்ன தின்கிறாயோ அதையே கொஞ்சம் கூடுதலாகச் செய், வெள்ளரிக்காயோ வேகவைத்த கோழியோ. மூன்று பேரும் தரையில் உட்காருவோம். எனக்கு எதிரே நீ உட்கார வேண்டும். இன்னும் கொஞ்சம் வை என்று நான் யாரிடமும் சொல்லமாட்டேன். உன்னை நிமிர்ந்து பார்ப்பேன், பார்க்காமல் இருக்க என்னால் முடியாது. ஆனால் குறை சொல்வதென்றால் உப்பை மட்டும்தான் சொல்வேன்.

உன் அம்மா